எழுபத்தாறு மைல்

ஃபாதர் க்ளெமென்ஸ் எறிந்த பந்து, டெல்பர்ட் ஷூமர் எறிந்த பந்தைவிட ஒரு மைல் வேகமாகப் போனது.

ஃபாதருக்கு எழுபத்திரண்டு வயது. இடது முழங்கால் அவருடையதல்ல, ஆஸ்பத்திரி வைத்தது. பேஸ்பால் ஆட்டம் தொடங்குமுன் மரியாதைக்கு ஒரு பந்து எறியும்படி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை ஒரு சுற்றுச் சுற்றினார். பந்து ஆற அமரப் போய் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கஸ்ஸின் கையுறையில் விழுந்தது. மைதானத்தின் புதிய பலகையில் 77 என்று சிவப்பாக எரிந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"செமினரி டீமில பந்து எறியற பிட்சரா இருந்தவராச்சே," என்றார் ஒருவர்.

"ஜெபம் பண்ற கைக்கு அந்த பலம் இருக்கும்," என்றாள் அவர் மனைவி.

பிறகு டெல்பர்ட் வந்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி முதல் பந்தை எறிந்தான். பலகை 76 என்றது.

அப்புறம் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டெல்பர்ட்! பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்போ, பந்து எப்படிப் போடறதுன்னும் ஃபாதர்கிட்ட கேட்டுக்கிட்டு வா!"

டெல்பர்ட்டின் காது சிவந்தது. அடுத்த பந்தை எறிந்தான். அதே கை வீச்சு, அதே முக்கல், அதே முகச்சுளிப்பு. பந்து மட்டும் வரவில்லை. மட்டைக்காரன் வீசி முடித்து, வீசிய வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றி மண்டியிட்ட பிறகுதான் வந்து சேர்ந்தது.

அதுதான் டெல்பர்ட்டின் ஒரே சொத்து. வேகப்பந்து போலவே புறப்படும், மெதுவாக வரும். செயின்ட் குனிபெர்ட் ஊரின் கொக்குகள் அணிக்காகப் பதினேழு வருடமாக அவன் அதை வைத்துத்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

பலகை 61 என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மண்ணில் மண்டியிட்டிருந்தவனைப் பார்த்து அல்ல. பலகையைப் பார்த்து.

போன வருடம் வரை செயின்ட் குனிபெர்ட்டில் யாருக்கும் வேகம் என்று ஒன்று இருந்ததில்லை. பந்து போனது. ஆள் அவுட் ஆனான், அல்லது ஆகவில்லை. கூட்டம் பீர் குடித்தது, கொசு அடித்தது, வீட்டுக்குப் போனது. இந்த மே மாதம்தான் அணியின் மேனேஜர் ஜெரால்ட் ஃபங்க் அந்தப் பலகையை வாங்கி வந்தார். அவருக்கு டிராக்டர் வியாபாரம். எதையும் குதிரைசக்தி கேட்டுத்தான் மதிப்பார். நெடுஞ்சாலைப் போலீஸ் கழித்துக் கட்டிய ஒரு வேகம் அளக்கும் துப்பாக்கியும் கூடவே வந்தது. மட்டைக்காரனுக்குப் பின்னால் இருந்த மரக்கூண்டில் ஆர்லா டிங்கல் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பந்தின் பக்கம் நீட்டி, அதில் தெரியும் எண்ணை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, பலகைக்குத் தட்டி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரேதான் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். ஒரு சுரம்கூடத் தப்பியதில்லை என்பதால் அவரைத் தவிர வேறு யாரையும் இந்த வேலைக்கு யோசிக்கவே இல்லை.

அன்று கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு டெல்பர்ட்டை இறக்கிவிட்டு பிரெய்டனை அனுப்பினார்கள். பிரெய்டன் கல்லூரிப் பையன். கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் முதல் பந்துக்குப் பலகை 91 என்றது.

"ஓ!" என்றது கூட்டம்.

மட்டைக்காரன் அந்தத் தொண்ணூற்றொன்றை வேலிக்கு அப்பால் மக்காச்சோளக் கொல்லைக்குள் அடித்தான்.

"அடிபட்டா என்னய்யா," என்று மூன்றாம் வரிசைக்காரர் பரவசமாகக் கத்தினார். "எவ்ளோ வேகத்துல போய் அடிபட்டுது பாத்தியா!"

ஆட்டத்தைக் கொக்குகள்தான் ஜெயித்தார்கள். மாவட்டத்தில் முதலிடம். மாநிலப் போட்டிக்குப் போக இடம் கிடைத்துவிட்டது. டெல்பர்ட் எறிய ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான். தோள் வலித்தது. வயது முப்பத்தேழு. அடுத்த வருடம் இந்தத் தோள் இருக்குமா என்று அவனுக்குத் தெரியாது. மாநிலப் போட்டியில், பந்து எறிபவன் நிற்கும் மேட்டில் ஒருமுறை நின்றுவிட்டால் போதும். அப்புறம் பால் லாரி ஓட்டிக்கொண்டே காலத்தை முடித்துவிடலாம்.

கஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"பிரெய்டன் பந்து பஞ்சு மாதிரி வந்து விழுதுடா. தொண்ணூத்தொண்ணு மைலு, கைக்குத் தெரியவே இல்ல. உன் பந்துக்குத்தான் கை வீங்கிப்போகுது. உன்னுதை மட்டும் நான் ஏதோ தப்பாப் பிடிக்கறேன் போல."

"நிதானமாப் பிடி," என்றான் டெல்பர்ட்.

பீர் கவுன்டர் அருகில் ஜெரால்ட் எல்லாரையும் கூட்டினார்.

"அடுத்த சனிக்கிழமைக்கு அப்புறத்து சனிக்கிழமை மாநிலப் போட்டி. யார் முதல்ல எறியறதுங்கறதை நான் முடிவு பண்ணப்போறதில்ல. பலகை முடிவு பண்ணும். எண்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கறவங்க பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கலாம்."

"ஜெரால்ட், இந்த வருஷம் பாதி ஆட்டம் நான்தானே ஜெயிச்சுக் குடுத்தேன்?" என்றான் டெல்பர்ட்.

"அது அதிர்ஷ்டம், டெல். எண்ணு அறிவியல்."

"எல்லாரும் அவுட் ஆனாங்களே?"

"ஆனாங்க. ஆனா அறுபத்தொண்ணுல ஆனாங்க. பாக்கறதுக்கு நல்லாவா இருக்கு?"

*

டெல்பர்ட்டின் மனைவி கார்லீன், 'பை' என்னும் இனிப்புப் பலகாரம் சுட, புளிப்பான ருபார்ப் தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பை சுட்டுத் தர்றியா? மிஸஸ் டிங்கலுக்கு," என்றான் டெல்பர்ட்.

"எதுக்கு?"

"பாவம், தனியா இருக்காங்க."

"பத்து வருஷமாத் தனியாத்தான் இருக்காங்க. இன்னிக்குத்தான் உனக்குப் பாவமா இருக்கா?"

கார்லீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மைல் கேக்கப்போற?"

"பத்து."

"கேக்கறதுதான் கேக்கற, பன்னெண்டாக் கேளு. மாவு வீணாகக் கூடாது."

ஆர்லா டிங்கலின் சமையலறை மேசை நிறைந்திருந்தது. புகையில் வாட்டிய சாசேஜ் ஒரு சுருள். ஒரு கூடைத் தக்காளி. கோவில் தோட்டத்துத் தேன் ஒரு ஜாடி. ஆகஸ்ட் மாதத்தில் எல்லார் வீட்டு மேசையும் அப்படித்தான் இருக்கும். தோட்டத்தில் காய்த்ததை யார் தலையிலாவது கட்டியே ஆகவேண்டும். டெல்பர்ட் தேன் ஜாடியை நகர்த்திவிட்டுப் பையை வைத்தான்.

"மிஸஸ் டிங்கல், உங்களுக்குத் தப்பாத் தோணுச்சுன்னா உடனே வேண்டாம்னு சொல்லிடுங்க."

"பலகையில உன் எண்ணைக் கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்லிக் கேக்க வந்தியா?"

டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பை சூடா இருக்கே." ஆர்லா பையின் விளிம்பிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டார். "எத்தனை?"

"பன்னெண்டு. பொய் சொல்றதா நினைக்காதீங்க. தோளுல வலி இல்லாம இருந்தா அந்த வேகம் வந்திருக்கும். அந்த அர்த்தத்துல பாத்தா..."

"எனக்கு அர்த்தமெல்லாம் வேண்டாம்பா. யார் என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. புதன்கிழமை ஆட்டத்துலேருந்து போடறேன். அடுத்த தடவை சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்னு கார்லீன்கிட்ட சொல்லு."

*

புதன்கிழமை பக்கத்து ஊர் லூத்தரன்காரர்களோடு பயிற்சி ஆட்டம். டெல்பர்ட் முதல் பந்தை எறிந்தான். பலகை 88 என்றது.

மைதானத்தில் ஒரு கொசுவின் சத்தம் கேட்டது.

"டெல்பர்ட்டா?" என்றார் மூன்றாம் வரிசைக்காரர். "நம்ம பால்வண்டி டெல்பர்ட்டா?"

லூத்தரன்காரர்களும் பலகையைப் பார்த்தார்கள். அடுத்து வந்த மட்டைக்காரன் எண்பத்தெட்டுக்குத் தயாராக வந்தான். எழுபத்தாறு வந்தது. பந்து பாதி வழியில் இருக்கும்போதே அவன் மட்டையை வீசிவிட்டான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனுக்கு டெல்பர்ட் தன் மெதுவான பந்தை எறிந்தான். அவன் வீசி, சுற்றி, மட்டையைக் கைநழுவவிட்டு, அதை எடுக்கக் குனிந்த நேரத்தில் பந்து வந்து சேர்ந்தது.

ஆர்லா சொன்ன வார்த்தை தவறாதவர். அறுபத்தொன்றோடு பன்னிரண்டைக் கூட்டினார். பலகை 73 என்றது.

ஜெரால்ட் மேட்டுக்கு ஓடி வந்தார். "என்னடா இது எழுபத்தி மூணு?"

"மெதுவான பந்து. ஆள் அவுட்டு."

"எண்பத்தெட்டு கையில வச்சிக்கிட்டு எவனாவது எழுபத்தி மூணு போடுவானா? புது டிராக்டரை ஷெட்டுல நிறுத்திட்டு மாட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. இனிமே மெதுவான பந்தே கூடாது. கஸ், அவன் மெதுவாப் போட்டா நீ பிடிக்காத!"

டெல்பர்ட் வேகப்பந்தாகவே எறிந்தான். எல்லாம் எழுபத்தாறு. ஒரே வேகத்தில் வருவதை இரண்டு தடவை பார்த்தால் யாருக்கும் கணக்குப் பிடிபட்டுவிடும். ஐந்தாவது இன்னிங்ஸில் லூத்தரன்காரர்கள் அதை நாலா பக்கமும் அடித்தார்கள். ஒன்று மக்காச்சோளத்துக்குள் போனது. ஒன்று பீர் கவுன்டர் கூரையில் விழுந்தது.

"எண்பத்தெட்டு!" என்று கூட்டம் ஒவ்வொரு பந்துக்கும் ஆடியது. "எண்பத்தெட்டு!"

கொக்குகள் தோற்றார்கள். ஜெரால்ட் டெல்பர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆட்டம்டா! மாநிலப் போட்டியில நீதான் முதல்ல எறியற."

"தோத்துட்டோமே ஜெரால்ட்."

"அதிர்ஷ்டம் இல்ல. எண்ணு இருக்கே!"

டெல்பர்ட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் மெதுவான பந்து இல்லாமல் மாநிலப் போட்டியில் நின்றால் அரை மணி நேரத்தில் அவனைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள். மறுநாள் இரண்டாவது பை போனது.

"இனிமே நான் எதை எறிஞ்சாலும் எண்பத்தெட்டுன்னே போட்டுடுங்க, மிஸஸ் டிங்கல்."

"மெதுவானதுக்குமா? ஜெரால்டுக்குக் கண்ணு இல்லியா?"

"இருக்கு. ஆனா அவர் பந்தைப் பாக்கறதில்ல. பலகையைத்தான் பாக்கறார்."

ஆர்லா யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆமா. அதுவும் சரிதான்."

சனிக்கிழமை இன்னொரு பயிற்சி ஆட்டம். டெல்பர்ட் இஷ்டத்துக்கு எறிந்தான். ஒன்று வேகம், இரண்டு மெதுவு, மறுபடி மெதுவு. எதிரணி கூத்தாடுகிறவர்கள் மாதிரி சுழன்று விழுந்தார்கள். பலகையில் 88, 88, 88. ஜெரால்ட் பலகையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் வந்திருந்தார். அவரும் பலகையைத்தான் பார்த்தார். 'முப்பத்தேழு வயதில் எண்பத்தெட்டு மைல்: ஒரு பந்துகூடக் குறையவில்லை' என்று படத்தோடு போட்டுவிட்டார். ஹோட்டல்காரர் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தட்டுக்கு 'எண்பத்தெட்டு' என்று பெயர் வைத்தார். அது மட்டுமென்றால் பரவாயில்லை. ஊர் டாக்டரும் பத்திரிகையைப் படித்தார்.

"இந்த வயசுல எல்லாப் பந்தையும் அந்த வேகத்துல எறிஞ்சா முழங்கை நார் பட்டுன்னு அறுந்துடும்," என்று அவர் ஜெரால்டுக்குப் போன் பண்ணினார்.

அன்றிலிருந்து டெல்பர்ட்டின் வலது கை ஊர்ச்சொத்து ஆனது. பால் கூட்டுறவுச் சங்கம் அவனை லாரியிலிருந்து இறக்கிவிட்டு விடுப்புக் கொடுத்தது. அவனுக்குப் பதிலாகப் போனவர் வழி தெரியாமல் இரண்டு பண்ணைகளை விட்டுவிட்டார். அங்கே பாலை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் பன்றிகளுக்கு ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவன் ஒரு வாளியைத் தொட்டால் போதும், ஜெரால்டுக்குச் செய்தி போய்விடும்.

கார்லீன் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது தடவையாக அவனைக் கடந்து போனாள். டெல்பர்ட் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"சுகமா இருக்கா?" என்றாள்.

"நான் என்ன பண்ணட்டும்? எழுந்திரிச்சா போன் பண்றாங்க."

"கல்யாணம் ஆனப்போ எழுபத்தாறு மைலுதானே கொண்டுவந்த? அப்போ குப்பைத் தொட்டியைத் தூக்கின. பன்னெண்டு மைல் கூடினதும் கை பட்டாயிடுச்சா?"

"மெல்லப் பேசு கார்லீன், ஜன்னல் திறந்திருக்கு."

"இடது கை சும்மாதானே இருக்கு? அதுக்கு எத்தனை மைலு?"

*

மாநிலப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஜெரால்ட் வீட்டுக்கே வந்தார். முகமெல்லாம் பல்.

"டெல், கேட்டியா சேதி? மாநிலப் போட்டி நடக்கற மைதானத்துல வேகம் காட்ட புது மெஷின் வச்சிருக்காங்களாம். மனுஷன் கையே படாது. பந்து போகும், எண்ணு தானா வரும். உன் எண்பத்தெட்டை மாநிலமே பாக்கப்போகுது!"

டெல்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்தான். "மிஸஸ் டிங்கல்?"

"அவங்க ஜாலியா உக்காந்து ஆட்டத்தைப் பாக்கட்டும். பாவம், மே மாசத்துலேருந்து உழைக்கறாங்க."

ஜெரால்ட் போன பிறகு டெல்பர்ட் நெடுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாநிலம் முழுக்கப் பார்க்க 76 என்று எரியும். ஃபாதரைவிட ஒரு மைல் குறைவு. பதினேழு வருடம் ஆசைப்பட்ட மேட்டில் நின்றுகொண்டு ஊர் சிரிப்பதைக் கேட்கவேண்டும். பத்திரிகைக்காரர் வருவார். அப்புறம் பன்னிரண்டு மைல் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள். ஆர்லாவின் ஆர்கன் வேலையும் போகும்.

"கார்லீன், வீட்டுல ஐஸ் இருக்கா?" என்றான்.

"எவ்ளோ வேணும்?"

"தோள் நிறைய."

சனிக்கிழமை காலை. டெல்பர்ட் தோளில் ஐஸ் பையைத் துண்டால் கட்டிக்கொண்டு, முகத்தில் வேதனையை வரவழைத்துக்கொண்டு, மைதானத்து உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தான். ராத்திரியிலிருந்து தோள் பிடித்துக்கொண்டது, என்னால் முடியாது, தம்பி பிரெய்டன் எறியட்டும் என்று சொல்வதற்கு வார்த்தைகளைத் தயார் செய்திருந்தான்.

பிரெய்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் ஒரு ஐஸ் பை.

டெல்பர்ட் வாயைத் திறக்குமுன் கதவு திறந்தது. மூன்றாவது பிட்சர் மார்வின் உள்ளே வந்தான். அவன் இரண்டு தோளிலும் ஐஸ் கட்டியிருந்தான்.

ஜெரால்ட் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தரையில் தண்ணீர் சொட்டியது.

"என்னடா இது, மீன் கடையா?"

"நேத்து ராத்திரி தூக்கத்துல திரும்பிப் படுத்தேன்," என்றான் பிரெய்டன்.

"நான் திரும்பவே இல்ல. அப்படியும் பிடிச்சிக்கிச்சு," என்றான் மார்வின்.

"மார்வின், நீ வலதுகைக்காரன். இடது தோளுக்கு எதுக்கு ஐஸ்?"

"துணைக்கு."

ஜெரால்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருக்கு வலி கம்மி? உண்மையைச் சொல்லுங்கடா."

பிரெய்டன் எழுந்து, ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு, குரல் தழுதழுக்கப் பேசினான்.

"பதினேழு வருஷமா டெல்பர்ட் அண்ணன் இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு வலியே இல்லாட்டாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன். அவர்தான் எறியணும்."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றான் மார்வின் அவசரமாக.

ஜெரால்டின் கண் கலங்கியது. "பாத்தியா டெல்? இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை இல்லைன்னு சொல்றாங்களே!" என்று சொல்லிக்கொண்டே அவன் தோளிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

*

மேடு அவன் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. மெஷின் அவன் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது.

ரோஸ் ப்ரேரி அணியின் முதல் மட்டைக்காரன் வந்து நின்றான். டெல்பர்ட் மூச்சை இழுத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து எறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

ஸ்ட்ரைக் என்று நடுவர் கத்தினார். மட்டைக்காரன் பந்து வருமுன்பே வீசியிருந்தான். டெல்பர்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். எட்டடி உயரத்துக்கு 76.

சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வரிசைக்காரர் வழக்கம்போல மூன்றாம் வரிசையில்தான் இருந்தார். அவர் எழுந்து நின்றார்.

"மெஷின் ரிப்பேரு!"

"ரிப்பேரு! ரிப்பேரு!" என்று செயின்ட் குனிபெர்ட் முழுவதும் எழுந்தது.

ஜெரால்ட் நடுவரிடம் ஓடினார். "உங்க மெஷின் பன்னெண்டு மைல் குறைச்சுக் காட்டுது சார்."

"காலையிலதான் சரிபாத்தாங்க."

"எங்க ஊருல ஆர்கன் வாசிக்கற அம்மா சொந்தக் கண்ணால பாத்துப் போட்ட எண்ணு சார். மெஷின் பொய் சொல்லும். மிஸஸ் டிங்கல் சொல்ல மாட்டாங்க!"

நடுவர் அவரைப் பெஞ்சுக்கு அனுப்பினார். அதற்குள் ரோஸ் ப்ரேரி மேனேஜர் தன் ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில் செயின்ட் குனிபெர்ட் பத்திரிகை. ஒரு வாரமாக அவர்கள் பந்து வீசும் பயிற்சி இயந்திரத்தைத் தொண்ணூறில் வைத்து அடித்துப் பழகியிருந்தார்கள்.

"ஏமாந்துடாதீங்கடா. வேணும்னே குறைச்சுப் போடறான். எண்பத்தெட்டை ஒளிச்சு வச்சிருக்கான். எப்ப வேணா வரும். தயாரா இருங்க."

அவர்கள் தயாராக இருந்தார்கள். டெல்பர்ட் எழுபத்தாறில் எறிந்தான், சீக்கிரம் வீசினார்கள். அறுபத்தொன்றில் எறிந்தான், ரொம்பச் சீக்கிரம் வீசினார்கள். ஒருவன் வீசிய வேகத்தில் தொப்பி கழன்று பந்துக்கு முன்னால் போனது. ஒவ்வொரு இன்னிங்ஸும் அவர்கள் அந்த எண்பத்தெட்டுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. வராத ஒரு பந்தைப் போல மெதுவான பந்து வேறில்லை என்று டெல்பர்ட்டுக்கு ஏழாவது இன்னிங்ஸில் தோன்றியது. அவன் அதற்குப் பிறகு மெஷினைப் பார்க்கவில்லை.

ஜெரால்ட் வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் ரிப்பேர் என்று முடிவாகிவிட்டதால் அவருக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பந்தைப் பார்த்தார்.

"கஸ்," என்றார் மெல்ல, இன்னிங்ஸுக்கு நடுவே. "அவன் எப்பவுமே இப்படித்தான் எறிவானா?"

"எப்பவுமே," என்றான் கஸ், வீங்கிய கையை ஐஸ் வாளிக்குள் விட்டபடி. ஐஸுக்குப் பஞ்சமில்லை.

கடைசி ஆள் மட்டையை வீசி, தன் காலே தன்னைத் தடுக்கி விழுந்தபோது, கொக்குகள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். பிரெய்டன் இரண்டு கையாலும் டெல்பர்ட்டைத் தலைக்கு மேலே தூக்கினான். தோள் வலியை அவன் மறந்துவிட்டான், மற்றவர்களும் மறந்துவிட்டார்கள்.

கார்லீன் வேலியோரம் நின்றிருந்தாள். டெல்பர்ட் அவளிடம் போனான்.

"மோசமில்ல," என்றாள். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவள் கண்ணைப் பார்த்தால் அழுதிருப்பாள் போலத் தெரிந்தது. "நாளைக்குக் குப்பைத் தொட்டியை நீதான் தூக்கற."

டெல்பர்ட் தலையாட்டிவிட்டு ஆர்லா டிங்கலைத் தேடினான். அவர் ஒரு மடக்கு நாற்காலியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த டப்பாவிலிருந்து ருபார்ப் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் டிங்கல், இனிமே எனக்குக் கூட்டிப் போட வேண்டாம்."

"சர்க்கரை இந்தத் தடவை சரியா இருந்துது."

"விளையாட்டில்ல. எனக்கு வெக்கமா இருக்கு. மெஷின் சரியாத்தான் காட்டுச்சு, அதைப் போய் ரிப்பேருன்னு அடிச்சுப் பேசறாங்க. திங்கக்கிழமை ஜெரால்டுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். உங்க பேரு வராம பாத்துக்கறேன். செயின்ட் குனிபெர்ட்லயே மெதுவான பிட்சர் நான்தான், எழுபது தாண்டின ஃபாதரைவிடக் குறைவு, இருந்தும் ஜெயிச்சேன். இதைச் சொல்ல எனக்கு இப்போ பயமில்ல."

ஆர்லா கரண்டியை நக்கிவிட்டு டப்பாவை மூடினார்.

"அவசரப்பட்டு எதையும் சொல்லி வைக்காத டெல்பர்ட். ஃபாதர் தேன் குடுத்தாரு, பிரெய்டனோட அம்மா சாசேஜ் குடுத்தாங்க, மார்வின் தக்காளி குடுத்தான்; உன் முதல் பை வர்ற வரைக்கும், துப்பாக்கியில தெரிஞ்சதை நான் அப்படியே பலகையில போட்டது உன் ஒருத்தனுக்குத்தான்."